கொசுத்தேன் தண்ணியா இருந்தா கலப்படமா?

"போன தடவை வாங்கின கொசுத்தேன் பொன் நிறமா, தெளிவா இருந்துச்சு. இந்தத் தடவை தண்ணி மாதிரி, கலங்கலா, ஒரே புளிப்பு. ஏமாத்திட்டாங்களோ?"

பலருக்கும் வருகிற சந்தேகம் இது. அவசரப்பட்டுத் தேன்காரரைத் திட்டிவிடாதீர்கள்!

கொசுத்தேனீ, கொட்டாத குட்டித் தேனீ. சுவர் இடுக்கு, மரப்பொந்து, மூங்கில் குழாய் என்று இருட்டான இடத்தில் கூடு கட்டும். மெழுகையும் மரப்பிசினையும் குழைத்து, சின்னச் சின்னப் பானைகள் செய்து, அதில்தான் தேனைச் சேமிக்கும். பக்கத்திலேயே மகரந்தப் பானைகள். இன்னொரு பக்கம் முட்டையும் புழுக்களும்.

சாதாரணத் தேனில் நீர் சுமார் 17 முதல் 20 சதவிகிதம். கொசுத்தேனிலோ 25 முதல் 35 சதவிகிதம் வரை இருக்கும். அமிலமும் அதிகம். நீர்த்து, புளிப்பாக இருப்பது அதன் இயல்பு.

கூட்டுக்குக் கூடு ஏன் மாறுகிறது?

சுற்றிலும் பூத்த பூ, பருவம், பிசின் எல்லாமே காரணம். அதைவிட முக்கியம், தேன் எடுக்கும் விதம். பெட்டியில் வளர்ப்பவர் தேன் பானைகளை மட்டும் குத்தி வடிப்பார், தெளிவாக இருக்கும். பொந்தை உடைத்து மொத்தமாகப் பிழிந்தால் மகரந்தமும் புழுவும் கலந்துவிடும். சீக்கிரமே நுரைத்துப் புளிக்கும். ஆகவே, "ஒரிஜினலா?" என்று கேட்பதைவிட, "எப்படி எடுத்தீங்க?" என்று கேளுங்கள்.

தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது. கலப்படத்தை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும்.

சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா?

ரத்தத்தில் மெதுவாகச் சேரும் 'டிரெஹாலுலோஸ்' என்ற சர்க்கரை கொசுத்தேனில் இருப்பதை 2020ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஆனால் அது எல்லாத் தேனிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. குளுகோஸும் ஃப்ரக்டோஸும் கூடவே இருக்கும். அதனால் இதை மருந்தாக நினைத்து ஸ்பூன் ஸ்பூனாக விழுங்க வேண்டாம்.

பாட்டிமார் கவனத்துக்கு...

பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க, "நம்ம வீட்டுக் கூட்டுத் தேன்தானே, சுத்தமானது" என்று எடுக்காதீர்கள். எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். வீட்டில் காய்ச்சினாலும் அவை சாகாது. குழந்தையின் குடலில் அவை வளர்ந்தால் மலச்சிக்கல் வரும், பால் குடிக்கத் தெம்பிருக்காது, கைகால் துவளும், மூச்சே நின்றுபோகலாம். ஒரு வயது முடியும்வரை எந்தத் தேனும் நாக்கில் படக் கூடாது.

பெரியவர்களுக்கு வாங்கியதை ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈர ஸ்பூன் போடாதீர்கள். பாட்டிலில் நுரை பொங்கி, வாடை மாறியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். விலை அதிகம்தான், வயிறு அதைவிட உசத்தி!