பள்ளியில் பழங்குடித் தோட்டம்: முதல் வேலை மண்வெட்டி அல்ல



பள்ளியில் தோட்டம் போடணும்னா இயற்கை விவசாயிகளைத்தான் இப்போ தேடி வர்றாங்க. 2019இல் ஒன்றிய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டத்துக்கு வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டது. நீலகிரியில் ஒரு பள்ளி நம்மைக் கூப்பிட்டால் கேரட், முட்டைக்கோசு பாத்தியோடு நின்றுவிட வேண்டாம். அந்த மலையின் பழைய பயிரும் காட்டு உணவும் அங்கே வளரணும்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டில் அழிவின் விளிம்பில் உள்ளவையாகப் பட்டியலிடப்பட்ட ஆறு பழங்குடிகளும் நீலகிரியில் வாழ்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியும் தின்னும் கீரையும் பாடப்புத்தகத்தில் இல்லை. "இது எங்க பாட்டிக்குத் தெரியும்" என்று ஒரு பிள்ளை வகுப்பில் தலைநிமிர்ந்து சொல்ல இடம் வேணும். இந்தத் தோட்டத்தின் முதல் பயன் அதுதான், விளைச்சல் அப்புறம்.

இரண்டு சாவிக் கணக்கு

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேணும். ஒன்று வங்கியிடம், இன்னொன்று வாடிக்கையாளரிடம். பழங்குடித் தோட்டமும் அப்படித்தான். நிலமும் தண்ணீரும் பள்ளியின் சாவி. எந்தச் செடி, எதற்கு, எவ்வளவு சொல்லலாம் என்பது ஊர்ப் பெரியவர்களின் சாவி. ஒன்றை வைத்துக்கொண்டு திறக்கப் பார்த்தால் அது பூட்டை உடைக்கிற வேலை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 1987இல் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டியாக வந்த காணி மக்கள் ஒரு சிறு பழத்தைத் தின்று களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்கள் பேரில் ஓர் அறக்கட்டளை வந்தது. பழங்குடி அறிவுக்கு விலையுண்டு, உரிமையாளர் உண்டு என்று நாடு பார்த்த முன்னுதாரணம் இது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமும் பயனில் பங்கு தரணும் என்கிறது. ஒரு மூலிகைக்குப் பக்கத்தில் 'இந்த நோய்க்கு இந்த அளவு' என்று பலகை வைத்தால், கேட்காமலே அதை ஊருக்கெல்லாம் கொடுத்த மாதிரி. மருந்துச் செடியைப் பெரியவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உணவுச் செடிகளே ஏராளம்.

ஆஸ்திரேலியாவில் பூர்வகுடித் தோட்டம் போடும் பள்ளிகளுக்கும் முதலில் சொல்லப்படுவது இதுதான்: அந்த மண்ணுக்குரிய மூத்தோரைக் கேள், பிறகு நடு.

செய்முறை

1. ஜனவரி, பிப்ரவரியில் ஊருக்குப் போங்கள். பள்ளிக்கு மிக அருகில் உள்ள பழங்குடி ஊர் எதுவோ அதுதான் தோட்டத்தின் ஊர். கூடலூர்ப் பள்ளியில் தோடர் செடியும் ஊட்டிப் பள்ளியில் பணியர் கீரையும் வைத்தால் அது கண்காட்சி. பெண்களைத் தனியாகக் கேட்கணும். கீரையும் கிழங்கும் அவங்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

2. பள்ளிக்கு வரும் பெரியவருக்கு அன்றைய கூலியும் பேருந்துச் செலவும் கொடுங்கள். கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுத்தான் அந்தப் பாட்டி வருகிறார். சால்வையோடு முடிக்கக் கூடாது.

3. உயரம் பாருங்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல்; கூடலூர் ஏறக்குறைய 1,000 மீட்டர். ஊட்டிப் பக்கம் குளிர்காலத்தில் உறைபனி கருக்கிவிடும். அதற்கு முன் அறுவடை முடியணும். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் இருளரும் குறும்பரும் செய்கிற மாதிரி ராகி, சாமை, தினை, கீரை, அவரை, துவரை எல்லாம் கலந்து விதைக்கலாம். கூடலூரில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், வடிகால் முக்கியம்.

4. இரண்டு சென்ட் போதும். சரிவுக்குக் குறுக்கே, நாலு அடி அகலப் பாத்தி. தொழுவுரமும் இலைமக்கும் கொடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போதே விதைத்தால் கோடை விடுமுறைக்குள் வேலை முடியும்.

5. வேலியோரம் காட்டு வள்ளிக்கிழங்குக் கொடி. நூறைக்கிழங்கு போன்றவற்றைத் தோண்டும்போது காட்டுநாயக்கர்கள் கிழங்கை எடுத்துக்கொண்டு தலைப்பகுதியைக் கொடியோடு திரும்பப் புதைத்துவிடுவார்கள். அது மறுபடி தழைக்கும். இதைவிட நல்ல சூழலியல் பாடம் எந்த வகுப்பில் இருக்கு? ஆனால் சில காட்டுக் கிழங்குகளில் நஞ்சு உண்டு. தெரிந்தவர் பார்த்துச் சொல்லாத கிழங்கைச் சமைக்கவே கூடாது.

6. விதையும் கிழங்கும் ஊரார் வீட்டுக் கொல்லையிலிருந்து வரட்டும். காப்புக்காட்டில் நாமாகப் போய்த் தோண்டக் கூடாது. யானை நடமாடும் இடத்தில் பலா, வாழை வேண்டாம். பிள்ளைகள் இருக்கிற இடம்.

7. பெயர்ப்பலகையில் முதலில் அந்த மக்களின் மொழிப்பெயர் தமிழ் எழுத்தில், அதன் கீழே தமிழ்ப்பெயர். கோயில் மாதிரி எதையும் கட்டாதீர்கள். தோடர் கோயில் வழிபாட்டு இடம். அழகுக்கு வைக்கும் பொம்மை அல்ல.

துணைக்கு யார்?

கூடலூரில் பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடக்கும் வித்யோதயா பள்ளி அவர்களுடைய பண்பாட்டைப் பாடத்தோடு சேர்த்தே கற்பிக்கிறது. கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பு பழங்குடி ஊர்களோடு தேன், சிறுதானியம் சார்ந்து நீண்டகாலமாக வேலை செய்கிறது. போய்ப் பாருங்கள்.

அறுவடையன்று முதல் படி ராகி, விதை கொடுத்த வீட்டுக்குத் திரும்பப் போகணும். மிச்சத்தைப் பள்ளியிலேயே களி கிண்டுங்கள். பரிமாறுவது அந்தப் பாட்டியாக இருக்கட்டும். அடுத்த வருஷம் என்ன விதைப்பது என்பதையும் அவங்களையே கேளுங்கள். நம்ம வேலை பாத்தி பிடிப்பதும் உரம் தயாரிப்பதும்தான்.