கல்லூரியா, இணையவழியா?

பெங்களூரு மாநகரின் வடமேற்கில் அமைந்துள்ளது பீன்யா தொழிற்பேட்டை. லேத்துப் பட்டறைகள், முலாம் பூசும் கூடங்கள், ஆயத்த ஆடைத் தொழிலகங்கள் எனச் சிறுதொழில்கள் செறிந்த இடம் அது. தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் பல அதனைச் சுற்றி வாழ்கின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலத்தில் ஒரு வினா எழுகிறது. தகவல் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற நாள்தோறும் கல்லூரிக்குச் செல்வதா, இணையவழியில் பயில்வதா? குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பும் பிள்ளையின் மூன்று நான்கு ஆண்டுகளும் இம்முடிவைச் சார்ந்துள்ளன. ஆகவே, இதனை ஆராய்ந்து எடுத்தல் வேண்டும்.

வீட்டிலிருந்து பட்டம் பெறுதல் புதிதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல் அவ்வழியைப் பின்பற்றியது. அன்று அச்சிட்ட பாடங்கள் அஞ்சலில் வந்தன. இன்று அவை காணொளியாகத் திறன்பேசிக்கே வருகின்றன. இத்தகைய படிப்புகளுக்கான விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வகுத்தது. ஒப்புதல் பெற்ற உயர்கல்வி நிறுவனம் வழங்கும் இணையவழிப் பட்டம், கல்லூரியில் பயின்று பெறும் பட்டத்திற்கு இணையானது என்று 2022 செப்டம்பரில் அறிவித்தது.

இங்கு ‘ஒப்புதல் பெற்ற’ என்னும் சொற்கள் இன்றியமையாதவை. பயிற்சி நிறுவனம் தரும் சான்றிதழ் பட்டம் ஆகாது. ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடுகிறது. கட்டணம் செலுத்துமுன் அப்பட்டியலைப் பார்ப்பதே முதற்கடமை. மேலும், பி.சி.ஏ. போன்ற பட்டங்களை இணையவழியில் நடத்தலாம், பி.இ., பி.டெக். ஆகிய பொறியியல் பட்டங்களை அவ்வாறு நடத்த அவ்விதிகள் இடந்தரவில்லை. இதற்குக் காரணம் எளிது. நிரல் எழுதக் கற்பவருக்குக் கணினியே ஆய்வகம். மின்சுற்றையும் கருவிகளையும் கையாளக் கற்பவருக்கோ ஆய்வகமும் அருகிருந்து திருத்தும் ஆசிரியரும் வேண்டும். லேத்தில் இரும்பைக் கடையும் தொழிலைக் காணொளியில் மட்டும் பார்த்துக் கற்றுவிட முடியாது என்பதைப் பீன்யாவின் தொழிலாளர் நன்கு அறிவர்.

இணையவழிக் கல்விக்குச் சிறந்த சான்று சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பட்டப்படிப்பு. இது 2020 ஜூன் மாதத்தில் அறிமுகமாயிற்று. இதில் சேர ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் பயின்று தகுதித் தேர்வில் வென்றவர் சேரலாம். அடித்தளம், பட்டயம், பட்டம் எனப் படிப்பு நிலைநிலையாக அமைந்துள்ளது. இடையில் நிறுத்த நேர்ந்தவரும் தாம் முடித்த நிலைக்குரிய சான்றிதழைப் பெறுவர். குறைந்த வருமானமுடைய குடும்பத்தினருக்குக் கட்டணச் சலுகை உண்டு. பாடங்கள் இணையத்தில் நடந்தாலும், முதன்மைத் தேர்வுகளை மாணவர் தேர்வு மையத்திற்கு நேரில் சென்றே எழுத வேண்டும். பட்டத்தின் மதிப்பைக் காப்பது இந்நடைமுறையே.

கல்லூரி வழங்கும் நன்மைகளும் பல. நூலகமும் ஆய்வகமும் அங்கு உள்ளன. ஐயம் எழுந்தால் அப்போதே கேட்கலாம். உடன் பயில்வோரின் நட்பு வாய்க்கும். பல கல்லூரிகளில் நிறுவனங்கள் நேரில் வந்து வேலைக்கு ஆள் தேர்கின்றன. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழும் வீட்டுப் பிள்ளைக்கு, அமைதியாக அமர்ந்து படிக்க ஓர் இடம் கிடைப்பதே பெரும்பேறு.

கல்லூரியை நாடும் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் சேர்க்கை விதிகளையும் அறிதல் நலம். கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வின்வழி அரசு ஒதுக்கீட்டு இடம் பெறுவதற்குரிய தகுதிகளுள் ஒன்று, அம்மாநிலத்தில் குறைந்தது 7 கல்வியாண்டுகள் பயின்றிருத்தல் ஆகும். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வு நுழைவுத் தேர்வின்றிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கொண்டே நடைபெறுகிறது. வெளிமாநிலத்தில் பயின்ற தமிழ்நாட்டவர் உரிய பிறப்பிடச் சான்றிதழுடன் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே, சான்றிதழ்களை முன்கூட்டியே பெற்று வைத்தல் வேண்டும்.

இவ்விரு வழிகளுக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடு காலத்தைக் காப்பவர் யார் என்பதே. கல்லூரியில் மணி அடிக்கிறது. வருகைப் பதிவேடு இருக்கிறது. ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்கிறார். இணையவழியில் இவை அனைத்தையும் மாணவரே தமக்குச் செய்துகொள்ள வேண்டும். பகுதிநேர வேலை பார்த்துக் குடும்பத்திற்கு உதவ வேண்டியவருக்கு இந்தச் சுதந்திரம் வரமாகும். நாளை பார்க்கலாம் என்று பாடங்களைத் தள்ளிப்போடுபவருக்கோ அதுவே தடையாகும். ஆதலால், கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்தல் போதாது. மாணவர் இணையத்திலுள்ள இலவசப் பாடம் ஒன்றை விடுமுறையில் தொடங்கி, எவரும் வற்புறுத்தாமல் முடித்துப் பார்க்கலாம். அதை முடிக்க இயன்றதா, இடையிலேயே நின்றதா என்பது அவருக்கு ஏற்ற வழியைக் காட்டும்.

ஒன்றை ஏற்றால் மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்னும் கட்டாயமும் இன்று இல்லை. ஒரே காலத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் பயில மானியக் குழு 2022 ஏப்ரலில் இசைவு அளித்தது. அருகிலுள்ள கல்லூரியில் ஒரு பட்டமும் இணையவழியில் மற்றொரு பட்டமும் பயிலலாம். ஆயினும், இரண்டையும் சுமக்கும் வலிமை தமக்கு உண்டா என்பதை மாணவரும் பெற்றோரும் கலந்து பேசித் தெளிதல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

செறிந்த – நெருங்கி நிறைந்த
இசைவு – சம்மதம்
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பு
பெரும்பேறு – பெரிய நன்மை

சிந்தித்து விடை எழுதுக

1. இணையவழிப் படிப்பில் சேருமுன் முதலில் பார்க்க வேண்டியது யாது? ஏன்?
2. பொறியியல் பட்டத்திற்கு ஆய்வகம் இன்றியமையாதது என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. ‘காலத்தைக் காப்பவர் யார்’ என்னும் தொடரின் கருத்தை விளக்குக.
4. உமக்கு ஏற்ற வழி எது? வீட்டுப் பெரியவர் ஒருவருடன் கலந்து பேசி, இரு காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.