ஹார்பர் ஓரத்துப் பேச்சும் தாளில் உள்ளதும்

கொச்சியின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுக வாசலில் ஏலம் தொடங்கும் முன்பே சாயாக்கடைகள் விழித்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கத்திலிருந்து தொழிலுக்கு வந்தவர்கள் அங்கே நிறைய. இங்கே போட்டைக் கட்டி, இங்கே மீனை இறக்கி, இங்கிருந்தே மறுபடி ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். அப்படி ஒரு தம்பி என்னிடம் கைபேசியை நீட்டினார். கணினியில் வரைந்த படம். காயலோரம் கண்ணாடி ஹோட்டல், அதன் முன் பலகை பாவிய நடைபாதை, ராட்டினம்.

“அண்ணே, ஹார்பரை எடுத்துட்டு இதைக் கெட்டப்போறாங்களாமே. அப்போ நாங்க போட்டை எங்க கெட்டுறது?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்த அலுவலகத்தின் முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. தோப்பும்படியின் இரண்டு பாலங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும் தம்பியின் கவலை நிஜம். இந்த மாதிரிப் பேச்சை நம்பி நிலத்தை அவசரமாக விற்பவர்களும் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அதனால் இங்கே அடிக்கடி காதில் விழும் ஐந்து நம்பிக்கைகளை எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை 1: துறைமுகத்தை எடுத்துவிட்டு ஹோட்டல் கட்டப்போகிறார்கள்.

உண்மை: தாளில் இருப்பது துறைமுகத்தைப் புதுப்பிக்கும் திட்டம். துறைமுகம் கொச்சித் துறைமுக ஆணையத்தின் கையில் இருக்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் 2022-இல் இந்தப் புதுப்பிப்புக்கு ஒப்புதல் கிடைத்தது. மதிப்பு 169.17 கோடி ரூபாய், அதில் மத்திய அரசின் மானியம் 100 கோடி. குளிரூட்டிய ஏலக்கூடங்கள், மீன் சுத்தம் செய்யும் இடம், பேக்கிங் பிரிவு, சரக்கு ஏற்றி இறக்கும் மேடைகள், தங்கும் அறைகள் எல்லாம் பட்டியலில் உண்டு. தனியார் பங்களிப்போடு வரவேண்டியவற்றில் பனிக்கட்டி ஆலை, குளிர்பதனக் கிடங்கு, பலமாடி வாகன நிறுத்தம் ஆகியவற்றோடு உணவு வளாகமும் சில்லறை மீன் சந்தையும் இருக்கின்றன. உணவு வளாகம் என்ற ஒரு சொல், வாய் மாறி வாய் மாறி ஹோட்டலாக வளர்வதற்கு அதிக நாள் வேண்டாம். தொழிலாளிகள் தங்கும் அறை சுற்றுலா விடுதியாகிவிடுவதும் அப்படித்தான்.

நம்பிக்கை 2: அறிவிப்பு வந்தால் கட்டடம் வந்த மாதிரி, தாமதமானால் கைவிட்ட மாதிரி.

உண்மை: இரண்டுமே தவறு. படத்தில் ராட்டினம் இருந்ததே, தீம் பார்க் கதையையே பார்க்கலாம். கொச்சிக்கு வெளியே பள்ளிக்கரையில் 2000-இல் ‘வீகாலாண்ட்’ என்று திறந்ததுதான் இன்றைய வொண்டர்லா. அந்த நிறுவனத்தின் ரிசார்ட் வந்தது பெங்களூருவில், அதுவும் அங்கே பார்க் திறந்து ஏழு ஆண்டு கழித்து, 2012-இல். பார்க் இருக்கும் இடத்தில் எல்லாம் ஹோட்டல் தானாக முளைத்துவிடாது. சென்னைக்கருகே திருப்போரூர் பக்கம் அவர்கள் நிலம் வாங்கிப் பல ஆண்டுகள் கேளிக்கை வரிப் பிரச்சினையில் வேலை நின்றது. ‘இனி வராது’ என்றே பலரும் முடிவு கட்டினார்கள். 2025 டிசம்பரில் பார்க் திறந்தது. நம் பக்கத்திலேயே இன்னொன்று: கொச்சியின் வாட்டர் மெட்ரோ படகுகள் 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கின. மட்டாஞ்சேரிப் படகுத்துறை திறந்தது 2025 அக்டோபரில்.

அறிவிப்பு நிஜமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம் பெரிய முதலீடு செய்தால் அதைப் பங்குச்சந்தைக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். அந்த அறிவிப்பை யாரும் படிக்கலாம். வாட்ஸ்அப் படத்தைவிட அது மேல்.

நம்பிக்கை 3: பஞ்சாயத்து பெர்மிட் கிடைத்து, கட்டியும் முடித்துவிட்டால் யாரும் கைவைக்க முடியாது.

உண்மை: தோப்பும்படியிலிருந்து மரடு எட்டும் தூரம்தான். அங்கே காயலோரத்து அடுக்குமாடிகளுக்கு அன்றைய பஞ்சாயத்து 2006-இல் பெர்மிட் கொடுத்திருந்தது. கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் ஹோலி ஃபெய்த், ஆல்ஃபா செரீன், ஜெயின்ஸ் கோரல் கோவ், கோல்டன் காயலோரம் என்ற நான்கு வளாகங்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. குழந்தையின் பள்ளிக்கூடம், கைக்கெட்டிய கடன், வயதான அம்மாவுக்கு லிஃப்ட் வசதி என்றெல்லாம் கணக்குப் போட்டு வாங்கிய வீடுகள் சில நொடிகளில் புழுதியாயின. வீட்டுக்காரர்களுக்கு இடைக்கால நிவாரணமாக 25 லட்சம் ரூபாய் கொடுக்க நீதிமன்றம் சொன்னது. ஆனால் வீடு திரும்பவில்லை.

ரிசார்ட்டுக்கும் இதே விதிதான். வேம்பநாட்டுக் காயலில் பாணாவள்ளி பஞ்சாயத்தைச் சேர்ந்த நெடியதுருத்து தீவில் காபிகோ ரிசார்ட் 54 வில்லாக்களோடு எழும்பியது. தங்கள் ஊன்றுவலைகள் போயின என்று மீனவர்கள் நீதிமன்றம் போனார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2013-இல் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2022 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. காயலில் குச்சி நட்டு வலை கட்டுகிறவர்கள் தொடங்கிய வழக்கு அது.

நம்பிக்கை 4: ஹோட்டல் வந்தால் தண்ணீர் ஓரம் அவர்களுடையது, நடைபாதையிலும் நம்மை விடமாட்டார்கள்.

உண்மை: விதி நம் பக்கம் இருக்கிறது. மக்கள் கடற்கரைக்குப் போக வழி வேண்டும் என்பதற்காக, இரண்டு கடற்கரை ஹோட்டல்களுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகல இடைவெளி விடவேண்டும் என்று 1991-இன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. 2011 அறிவிக்கையில் முள்வேலிக்கு இடம் கொடுத்தபோதும், அது மக்கள் போகும் வழியை மறிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள்.

கண்முன் சாட்சி வேண்டுமென்றால் எர்ணாகுளம் மெரைன் டிரைவ். ஒரு காலத்தில் தண்ணீர் சண்முகம் ரோடு வரை வந்து நின்றது. அந்தச் சண்முகம் நம் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார், கொச்சி திவானாக இருந்து பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர். பின்னாளில் காயலை நிரப்பிய மண்ணில் கட்டடங்கள் எழும்பின. ஆனால் அவற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓடும் நடைபாதை ஊருக்குப் பொது. மாலையில் கடலை கொறித்துக்கொண்டு யாரும் நடக்கலாம்.

நம்பிக்கை 5: நடைபாதைதானே, அதனால் என்ன கெட்டுவிடும்?

உண்மை: அது எப்படிக் கட்டப்படுகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. தூண் மேல் நிற்கும் பாதைக்கு அடியில் தண்ணீரின் ஏற்றமும் வற்றமும் வழக்கம்போல் நடக்கும். கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பிய பாதை காயலுக்குப் போட்ட அணை. அதற்கு உள்ளே சேறு தேங்கும், இறால் குஞ்சு வராது. சதுப்புக்காட்டுக்குள் சுற்றுலா நடைபாதை போடுவதானால்கூட, 2019-இன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி ஒப்புதல் பெற்ற கடலோரத் திட்டத்தில் அந்த இடம் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். கேரளத்துக்கான அந்தத் திட்டத்துக்கு 2024-இல்தான் மத்திய அரசின் ஒப்புதல் வந்தது. ஆகவே நடைபாதை என்றதும் கை தட்டவும் வேண்டாம், கல் எறியவும் வேண்டாம். தூணா, மண்ணா என்று முதலில் கேளுங்கள்.

தம்பியிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். நிலம் யாருடையது? கேரளக் கடலோர மேலாண்மை ஆணையத்தின் வரைபடத்தில் அந்த இடம் எந்த வகையில் வருகிறது? டெண்டர் அழைத்தது யார், எந்தத் தேதியில்? மூன்றுக்கும் தாள் காட்டினால் உட்கார்ந்து பேசலாம். எதிர்க்கவேண்டியிருந்தால் அப்போது எதிர்க்கலாம். அதுவரை அது வெறும் படம்.

இந்த ஊருக்கு இப்படிக் கேட்பது புதிதும் அல்ல. பழைய ஹார்பர் பாலத்துக்குப் பக்கத்தில் 2001-இல் திறந்த பாலத்தை எல்லோரும் ‘பிஓடி பாலம்’ என்றே சொல்கிறார்கள். கட்டி, நடத்தி, ஒப்படைக்கும் ஒப்பந்த முறையின் சுருக்கப் பெயர் அது. பஸ் கண்டக்டர் வாயிலும் மீன்காரச் சேச்சி வாயிலும் ஓர் ஒப்பந்தத்தின் பெயர் ஊர்ப் பெயராகிவிட்டது. சுங்கம் எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவீர்கள் என்று ஜனங்கள் தெருவில் நின்று கேட்டார்கள். 2014-இல் சுங்கம் நின்றது. பாலத்தை விட்டுவிட்டுத் தோப்பும்படியை வரைந்தவருக்கு இது தெரிந்திருக்காது. தம்பிக்குத் தெரியவேண்டும்.