மாரிக்குப்பம் ரயிலில் ஒரு கேம் ஸ்டூடியோ

வேலையை விட்டுவிட்டு மொபைல் கேம் செய்ய உட்காரலாமா என்று கோலார் தங்கவயலின் (கே.ஜி.எஃப்) மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், உரிகம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து, பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு கோடு எழுதிக்கொண்டிருப்பவர்கள் இவர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விட வேண்டாம். முதல் கேம் சோறு போடாது. இரண்டாவதும் பெரும்பாலும் போடாது. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கத்தை மூடியபோது, ஒரே சம்பளத்தை நம்பியிருந்த ஊர் என்ன பாடுபட்டது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். சம்பளம் வந்துகொண்டிருக்கட்டும். கேம் பக்கத்திலேயே வளரட்டும்.

உடனே ஃப்ளாப்பி பேர்ட் கேமைச் சொல்வீர்கள். வியட்நாமின் ஹனோயில் டோங் நுயென் என்ற ஒற்றை ஆள் 2013 மே மாதம் அதை வெளியிட்டார். மாதக்கணக்கில் யாரும் சீண்டவில்லை. 2014 ஜனவரியில் திடீரென்று உச்சிக்குப் போனது. விளம்பரத்தில் மட்டும் நாளுக்கு 50,000 டாலர் வருகிறது என்று செய்தி வந்தது. பிப்ரவரியில் அவரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். இதைப் பார்த்து வேலையை விடுவது, பக்கத்து வீட்டுக்காரனுக்கு லாட்டரி விழுந்ததைப் பார்த்துக் கடன் வாங்குகிற கதைதான்.

வேலையில் இருந்துகொண்டே செய்வதற்கு முன் ஒரு காரியம். உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து முழுக்கப் படியுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்கும் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம் என்று சில கம்பெனிகள் எழுதி வாங்கியிருக்கும். வேறு வருமானம் கூடாது என்றும் இருக்கும். அப்படியென்றால் எச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். கேம் ஓடாதவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஓடிய பிறகுதான் வக்கீல் வருவார்.

இப்போது ரயிலுக்கு வருவோம். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிறதே, அந்த நேரம் வீண் என்றுதான் எல்லோரும் புலம்புகிறார்கள். கேஷுவல் கேம் செய்கிறவருக்கு அதைவிடச் சிறந்த பட்டறை கிடையாது. ஏனென்றால் இந்த வகை கேமை விளையாடுகிற ஆள் அந்தப் பெட்டியில்தான் நிற்கிறார். ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும். மற்றக் கையின் கட்டைவிரல் ஒன்றுதான் ஃபோனுக்கு மிச்சம். சத்தத்தை அணைத்து வைத்திருப்பார். சிக்னல் வரும், போகும். பங்காரப்பேட்டையில் கூட்டம் ஏறி இடிக்கும். மாலூர் தாண்டினால் வீட்டிலிருந்து கால் வரும். ஒயிட்ஃபீல்டில் இறங்க வேண்டியவர் ஆட்டத்தை நட்டநடுவில் விட்டுவிட்டு ஓடுவார்.

உங்கள் கேமுக்கு வேண்டிய விதிகள் எல்லாம் இந்தக் காட்சியிலேயே இருக்கின்றன. ஃபோனை நேராகப் பிடித்தபடி ஒரே கட்டைவிரலில் ஆட முடிய வேண்டும். முக்கியமான பொத்தான்கள் திரையின் கீழ்ப்பாதியில் இருக்க வேண்டும். நெட் இல்லாமல் ஓட வேண்டும். சத்தம் இல்லாவிட்டாலும் புரிய வேண்டும். கால் வந்தால் அந்த நொடியே தானாக நின்று, ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே தொடங்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஒரு சுற்று இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. திரை நொடிக்கு 60 முறை மாறத் தேவையில்லாத கேம் என்றால் 30 போதும். மாலை ரயிலில் பேட்டரி 15 சதவீதத்தில் இருக்கும் ஆளுக்கு அது பெரிய உபகாரம்.

கூட்டத்தில் லேப்டாப்பைத் திறக்க முடியாதே என்றால், திறக்க வேண்டாம். காலையில் நோட்டுப் புத்தகத்தில் லெவல் வரையுங்கள். கோடு எழுதுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஃபோனைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் ஆடிப் பாருண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எப்படி ஆடுவது என்று விளக்கக் கூடாது. அவர் எங்கே விரலை வைக்கிறார், எங்கே முகம் சுளிக்கிறார், எப்போது ஃபோனைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று மட்டும் பாருங்கள். "நல்லா இருக்குப்பா" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். நம் ஊர்க்காரர்கள் மனம் நோகப் பேச மாட்டார்கள். மறுநாள் அவராகவே "அந்த கேமைக் குடு" என்று கேட்டால் அதுதான் சான்றிதழ். இதே கணக்கைத்தான் பெரிய பப்ளிஷர்களும் பார்க்கிறார்கள்: இன்று இறக்கிக்கொண்ட 100 பேரில் நாளை எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள்? 40 பேர் வந்தால் நல்ல கேம் என்பது தொழிலில் வழக்கமாகச் சொல்லும் அளவு.

எந்த மென்பொருளில் செய்வது? யூனிட்டி தெரிந்தால் யூனிட்டியிலேயே செய்யுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு கோடோவைச் சொல்வேன். அர்ஜென்டினாவில் இருவர் தொடங்கி, 2014இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள். இறக்கிக்கொள்ளச் சிறியது, பழைய லேப்டாப்பிலும் ஓடும், யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேமை ஒவ்வொரு முறை இன்ஸ்டால் செய்வதற்கும் கட்டணம் என்று அறிவித்து, உலகமே கொதித்த பிறகு அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டது. திட்டம் போனாலும் பயம் பலருக்கு இன்னும் போகவில்லை.

தமிழில் கேம் செய்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. யூனிட்டியில் சாதாரணமாகத் தமிழைப் போட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ' சிதறிப்போகும். அதைச் சரிசெய்யத் தனி வித்தைகள் வேண்டும். 2023இல் வந்த கோடோ 4, தமிழ், கன்னடம், தெலுங்கு எழுத்துகளைத் தானாகவே ஒழுங்காகச் சேர்த்துக் காட்டுகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கு என்று வாழும் தங்கவயலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும், இலவசம். நெட்டில் கிடைத்ததையெல்லாம் உரிமம் பார்க்காமல் எடுத்துப் போடாதீர்கள். படம், இசை, எழுத்துரு மூன்றுக்கும் இது பொருந்தும்.

கேம் எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்று கேட்டால், நீங்கள் நினைப்பதில் பாதியாக என்பேன். 2014 மார்ச்சில் இத்தாலியின் கேப்ரியேல் சிருல்லி என்ற 19 வயதுப் பையன் ஒரு வாரக்கடைசியில் 2048 என்ற கேமை எழுதினான். அதற்குச் சில வாரம் முன்பு வந்திருந்த த்ரீஸ் என்ற கேமின் வழியில் வந்தது அது. த்ரீஸைச் செய்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் உழைத்திருந்தார்கள். இதில் நியாயம் யார் பக்கம் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. என் அனுதாபம் த்ரீஸ்காரர்கள் பக்கம். ஆனால் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு: எளிய விதியை எவரும் ஒரு வாரத்தில் நகலெடுத்துவிடுவார்கள், தடுக்க முடியாது. நகலெடுக்க முடியாதது உங்கள் ஊரும் உங்கள் கண்ணும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கூகுள் ப்ளேயில் கணக்கு தொடங்க 25 டாலர், ஒரே முறை. ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். அது இப்போது வேண்டாம். ப்ளேயில் இடறும் கல் ஒன்று இருக்கிறது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், கேமை வெளியிட விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையாளர்களாக இருந்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது, பிறகு குறைத்தார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆள் பிடித்துத் தருகிறோம் என்று கிளம்பியிருக்கும் கூட்டத்திடம் போகாதீர்கள். சோதித்தவர்கள் என்ன சொன்னார்கள், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று கூகுள் கேட்கும்போது விழிக்க வேண்டியிருக்கும். தினமும் ஒரே பெட்டியில் ஏறும் சீட்டுக் கச்சேரிக் கும்பல் ஒன்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 12 பேர் அங்கேயே தேறுவார்கள். நடுவில் ஒருவர் விலகினாலும் கணக்குக் குறையக்கூடாது என்பதால் 15 பேராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் ஈட்டும் ஆப் என்றால் தனிநபர் கணக்கில் உங்கள் பெயரும் முழு முகவரியும் ப்ளே ஸ்டோரில் எல்லோர் கண்ணிலும் படும். பெண்கள் இதை யோசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்கள் ஆதார், வங்கி, கூகுள் மூன்றிலும் முகவரியை ஒரே மாதிரி எழுதுங்கள். சரிபார்ப்புக்குத் தபாலில் ஒரு பின் எண் வரலாம்; தபால்காரருக்குப் புரியாத முகவரியால் பணம் நின்றுவிடக் கூடாது.

வருமானம் பெரும்பாலும் விளம்பரத்தில்தான். இந்தியாவில் ஓடும் விளம்பரத்துக்கு அமெரிக்காவில் ஓடும் அதே விளம்பரத்தின் காசில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். ஆகவே எழுத்து குறைவாக, எந்த நாட்டுக்காரருக்கும் புரிகிற கேமாகச் செய்தால் லாபம். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னாலும் முழுத்திரை விளம்பரம் போடுவது ஆளை விரட்டும் வழி. ஆடுகிறவரே விரும்பிப் பார்த்து, பதிலுக்கு ஓர் உயிர் பெற்றுக்கொள்ளும் விளம்பரம் போதும். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்பும். பல மாதம் ஆகலாம். வந்ததைச் சம்பளத்தோடு சேர்த்து வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். கேமுக்குள் எதையாவது விற்றால், ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை கூகுள் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. அந்த எல்லையைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரே ஒரு பாதையில் மட்டும் போகவே போகாதீர்கள். ஆடுகிறவர் காசு கட்டி, ஜெயித்தால் காசு எடுக்கும் கேம். ரம்மியாக இருக்கட்டும், திறமை ஆட்டம் என்று பெயர் வைத்துக்கொள்ளட்டும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். அவற்றுக்கு விளம்பரம் செய்வதும் குற்றம். ஆகவே ஆட்மாப்பில் சூதாட்ட வகை விளம்பரங்களைத் தடுத்து வையுங்கள்.

கடைசியாக, எதைப் பற்றிச் செய்வது? கே.ஜி.எஃப் என்றதும் அந்தப் பெயரில் வந்த படத்தின் ராக்கி பாய் கையில் சுத்தியலோடு வந்து நிற்கிறார். படத்தின் பெயர், நடிகரின் முகம், வசனம் எதையும் தொடாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் வரும், ப்ளேயும் கேமைத் தூக்கிவிடும். மண்வெட்டியால் தங்கம் தோண்டும் கேம்கள் கடையில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றைச் செய்தவர்களில் எத்தனை பேர் ஷாஃப்டை நேரில் பார்த்திருப்பார்கள்? உங்கள் தாத்தாவோ கூண்டில் ஏறி இறங்கியவர். ஏர் பிளாஸ்ட் என்றால் என்ன, பாறை வெடிக்கும் முன் மரமுட்டு எப்படி முனகும், ஷிஃப்ட் சங்கு ஊதாத நேரத்தில் ஊதினால் லைனில் பெண்கள் ஏன் ஓடுவார்கள் என்றெல்லாம் அவரிடம் கேளுங்கள். முட்டு கொடுப்பதை மட்டும் வைத்தே ஒரு புதிர் கேம் செய்யலாம்: எங்கே கட்டை வைத்தால் கூரை தாங்கும்?

பழைய ஆட்டத்தை எடுத்தால் மட்டமா என்றும் தயங்க வேண்டாம். 2016இல் விகாஷ் ஜெய்ஸ்வாலின் நவி மும்பை கம்பெனி வெளியிட்ட லூடோ கிங், தாயத்தின் பங்காளியான ஆட்டம்தான். 2020 ஊரடங்கில் குடும்பம் குடும்பமாக ஆடினார்கள். ஆடுபுலியும் பல்லாங்குழியும் நல்ல வடிவமைப்புக்காகக் காத்திருக்கின்றன. நம் வாழ்க்கையை அப்படியே வைத்தால் வெளியூர்க்காரனுக்குப் புரியுமா என்றால், புரியும். 2023இல் கனடாவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' அதற்குச் சாட்சி. டொரன்டோவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், இட்லியும் புட்டும் பிரியாணியும், அழிந்துபோன சமையல் குறிப்பு, அவ்வளவுதான் கதை. மொபைலுக்காகச் செய்ததல்ல, சில மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்ன கேம். 2024இல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை வாங்கியது.

எனக்குப் பிடித்த யோசனை ஒன்று பாக்கி. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்ற துகளின் தடத்தைப் பிடித்தார்கள். உலகிலேயே அதை முதலில் கண்ட இரண்டு இடங்களில் ஒன்று நம் ஊர். இன்னொன்றும் தங்கச் சுரங்கம்தான், தென்னாப்பிரிக்காவில். அவ்வளவு ஆழத்துக்குப் போகக் காரணம், மேலிருந்து கொட்டும் மற்றத் துகள்களைப் பாறை வடிகட்டிவிடும் என்பது. கேமாக யோசித்துப் பாருங்கள்: மேலிருந்து துகள்கள் மழையாகக் கொட்டுகின்றன, கட்டைவிரலால் கூண்டை இறக்கிக்கொண்டே போகிறீர்கள், ஆழம் கூடக் கூட இரைச்சல் குறைகிறது, ஆனால் வெப்பம் ஏறுகிறது, நேரம் தீர்கிறது, நியூட்ரினோவின் அந்த ஒற்றைக் கோடு தெரியும் கணத்தில் விரலைத் தட்ட வேண்டும். எழுத்தே வேண்டாம். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம். யோசனையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எனக்குப் பங்கு வேண்டாம். முடிந்ததும் சோதனைப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.