யாரை வாங்குவது?

திண்டுக்கல் புத்தகத் திருவிழாவில் கவிதை அடுக்குக்கு முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "யாரை வாங்குறது?" எல்லாம் மெலிசு மெலிசான புத்தகங்கள், அட்டையில் கேள்விப்படாத பெயர்கள். யாரையும் வாங்க வேண்டாம், முதலில் ஒரு தொகுப்பை வாங்குங்கள் என்பேன்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது பக்கத்து வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பாவால். 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியவர், 1962-இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைப் 'புதுக்குரல்கள்' என்று தொகுத்தார். ந. பிச்சமூர்த்தியும் சி. மணியும் பசுவய்யாவும் அடுத்தடுத்த பக்கங்களில் வரும்போது, யாருடைய குரல் நமக்கு ஒத்துவருகிறது என்று தானாகத் தெரிந்துவிடும். பிடிக்காத பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம்; பரீட்சையா வைக்கப் போகிறார்கள்? அதில் என்னை நிறுத்தியவர் எஸ். வைத்தீஸ்வரன். அவரைத் தேடிப் போய்தான் 1970-இல் வந்த 'உதய நிழல்' தொகுப்பைப் படித்தேன். சங்கப் பாட்டுக்கும் இதே வழிதான். குறுந்தொகை என்பதே நானூறு பாட்டுக்கு மேல் உள்ள தொகுப்புதானே! அதில் சில புலவர்களின் இயற்பெயர்கூடத் தெரியாது. அவர்கள் பாடிய சொற்றொடரே பெயராக நின்றுவிட்டது. அதனால் நானும் கவிஞர் பெயரை மனப்பாடம் செய்வதில்லை. மனதில் தங்கிய ஒரு சொற்றொடரை மட்டும் நோட்டில் எழுதி வைப்பேன்.

ஒரே மூச்சில் புத்தகத்தை முடிக்காதீர்கள். நாகல் நகரில் ஏறி பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் ஒரு கவிதை, அவ்வளவு போதும். வீட்டுக்கு வந்து அதையே வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிந்த வரி காதில் வேறாக விழும். சி. மணியின் 'நரகம்' மாதிரி நெடுங்கவிதையைப் பஸ்ஸில் எடுக்க வேண்டாம், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். புரியாததைப் பென்சிலால் குறித்துவிட்டு நகருங்கள். விளக்கவுரையை உடனே தேடுவது எனக்குப் பிடிக்காது.

காசு செலவழிக்கத் தயங்குகிறவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. பழைய இதழ்களை அங்கே புரட்டலாம். முடிந்தால் ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே தொகுப்பைத் தனித்தனியே படித்து, பிடித்ததைக் குறித்துக்கொண்டு டீக்கடையில் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் தள்ளிவிட்டுப் போன பக்கத்தை என் கூட்டாளி விடாப்பிடியாகப் படித்துக் காட்டுவார். நான் மறுத்துப் பேசுவேன், ஆனாலும் வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன்.