பஞ்ச்கனியில் பழகிய காது

கேள்வி: லோஹேகாவில் விமானப்படைக் குடியிருப்பில் இருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகள், மூன்று தோழிகளோடு சேர்ந்து ஆண்டு விழாவில் குயின் குழுவின் 'கில்லர் குயின்' பாடப் போகிறாள். கிளாம் ராக் பாட்டாம். ஜிகினா, பளபளக்கும் சட்டை என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது, பாட்டு மட்டும் கூடிவரவில்லை. போதாக்குறைக்கு, அது ஒரு விலைமாதைப் பற்றிய பாட்டு என்கிறார்கள். பாட விடலாமா? அந்தக் குழுவின் பாடகர் நம் பக்கத்தில் படித்தவர் என்பது உண்மையா?
- ஒரு வாசகி, புனே

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உண்மைதான். உங்கள் வீட்டிலிருந்து காரில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய பஞ்ச்கனியில், செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதியில் வளர்ந்தவர் ஃப்ரெடி மெர்க்குரி. 1946இல் சான்சிபாரில் பிறந்த பார்சிக் குடும்பத்துப் பிள்ளை; வீட்டில் வைத்த பெயர் ஃபரூக் புல்சாரா. எட்டு வயதில் விடுதிக்கு வந்தார். 1958 வாக்கில் அங்கே ஐந்து பையன்கள் சேர்ந்து 'தி ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு அமைத்தார்கள். ஒருவன் தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டு, நரம்பு கட்டி பேஸ் வாசித்தான். அந்த ஃபராங் இரானி பின்னாளில் உங்கள் புனேயிலேயே 'பவுண்டி சிஸ்லர்ஸ்' உணவகம் நடத்தினார். அதே குழுவில் இருந்த விக்டரி ராணா நேபாள ராணுவத்தில் ஜெனரல் ஆனார். உங்கள் மகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, அந்தக் குழுவில் ஃப்ரெடி முன்னால் நின்று பாடியவர் அல்ல என்பதைத்தான். பாடியது புரூஸ் மர்ரே. ஃப்ரெடி பியானோவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டை ரேடியோவில் ஒருமுறை கேட்டாலே பியானோவில் வாசித்துவிடுவார் என்பது அவரோடு படித்தவர்களின் நினைவு. 'கில்லர் குயின்' அந்தக் காதிலிருந்து வந்த பாட்டு.

ஜிகினாவைத் தொடங்கி வைத்தவர் வேறொருவர். 1971இல் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் கண்ணுக்குக் கீழே மினுக்குப் பொடி ஒட்டிக்கொண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பாடினார். அடுத்த ஆண்டு டேவிட் போவி வந்தார். 1974 அக்டோபரில் 'கில்லர் குயின்' சிங்கிளாக வெளிவந்தபோது அந்த அலை ஓயத் தொடங்கியிருந்தது. இருந்தும் பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை ஏறியது, அமெரிக்காவில் 12ஆம் இடம். குயினின் முதல் பெரிய சர்வதேச வெற்றி அதுதான். மூன்றே நிமிடப் பாட்டு!

அந்த மூன்று நிமிடத்துக்குள் நடந்திருக்கும் வேலையைக் கேளுங்கள். விரல் சொடக்கோடு தொடங்கும். கிராண்ட் பியானோவின் மேல், கொஞ்சம் கலகலவென்று ஒலிக்கும் இன்னொரு பியானோவை ஏற்றியிருக்கிறார்கள். கிடாரிஸ்ட் பிரையன் மே அப்போது வயிற்றுப்புண்ணோடு மருத்துவமனையில் இருந்தார். மற்றவர்கள் அவருக்கு இடம் விட்டுப் பதிவு செய்துவைத்தார்கள். எழுந்து வந்தவர், தானும் தந்தையும் கையால் செய்த கிடாரில் ஒரு வரியின்மேல் இன்னொரு வரியாக வாசித்துச் சேர்த்தார். கோயில் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்து, முந்தியதன் நாதம் அடங்குமுன் அடுத்தது கலப்பது போல இருக்கும் அந்த இடம். மேடையில் ஒற்றைக் கிடாரை வைத்துக்கொண்டு அது வராது. விட்டுவிடச் சொல்லுங்கள்.

விடக்கூடாதது கூட்டுக் குரல். நம் வழக்கத்தில் நாலு பேர் சேர்ந்து பாடினால் நாலு பேரும் ஒரே சுரத்தில் நிற்போம். இதில் ஒருத்தி 'ஸ'வில் நிற்கும்போது இன்னொருத்தி 'க', மூன்றாமவள் 'ப'. பக்கத்துக் குரல் இழுக்கும். அங்கேதான் உங்கள் வீட்டுப் பாட்டு கூடாமல் போகிறது என்று நினைக்கிறேன். வாத்தியங்களை ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு, சுருதிப்பெட்டி மட்டும் போட்டு, முதலில் இருவர், பிறகு மூவர் என்று பாடட்டும். இளையராஜா பாட்டுகளில் கோரஸைக் கூர்ந்து கேட்டு வளர்ந்த பிள்ளைகள் என்றால் சீக்கிரம் பிடிபடும். தாளம் நமக்குப் புதிதல்ல. 'தகிட தகிட தகிட தகிட' என்று திஸ்ர நடையில் போட்டுப் பாருங்கள், பாட்டு அப்படியே அதில் உட்காரும்.

இனி நீங்கள் தயங்கும் விஷயம். வசதியான வட்டாரத்தில் பழகும் ஒரு விலைமாதைப் பற்றியதுதான் பாட்டு. மெர்க்குரியே அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆபாசமான வரி ஒன்றுகூட அதில் இல்லை. அவளுடைய நாகரிகம், ருசி, பேச்சு என்று ஒரு ஆளைத் தீட்டிக் காட்டும் சித்திரம் அது. க்ஷேத்ரயர் பதங்களில் பேசும் பெண்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தானே. வீணை தனம்மாளும் பாலசரஸ்வதியும் அவற்றைப் பாடியும் ஆடியும் காத்துத் தந்தார்கள், நாம் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கிறோம். மகளோடு உட்கார்ந்து பாட்டின் பொருளைப் பேசிவிடுங்கள். யாரைப் பற்றிப் பாடுகிறோம் என்று தெரிந்தால் அவள் குரலில் அதற்கேற்ற பாவம் வரும். தாராளமாகப் பாடட்டும். சட்டைக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியை, அந்த மூன்று குரல்களையும் பிரித்து எழுதிக் கொடுக்கக்கூடிய ஒரு கீபோர்டு ஆசிரியருக்குக் கொடுங்கள்.