எதிர்பாராமல் பிடித்துப்போன விளையாட்டு: மூளை போடும் கழித்தல் கணக்கு

மாணவர்களே, இந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். பல மாதங்கள் முன்னோட்டக் காட்சிகளைப் பார்த்து, நாள் எண்ணிக் காத்திருந்து வாங்கிய வீடியோ கேம் இரண்டே நாளில் சலித்துப்போகிறது. ஆனால், "சும்மா ஒருமுறை ஆடிப் பார்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த, பெயர்கூடக் கேள்விப்படாத சின்ன விளையாட்டு இரவுச் சாப்பாட்டையே மறக்க வைக்கிறது. முதல் விளையாட்டில் படமும் ஒலியும் பிரமாதம். இரண்டாவதில் அப்படி எதுவும் இல்லை. பிறகு ஏன் இரண்டாவது அதிகம் இனித்தது?

அந்த விளையாட்டு நன்றாக இருந்தது என்பது பாதி விடைதான். மீதிப் பாதி உங்கள் மூளைக்குள் நடக்கும் ஒரு கணக்கில் இருக்கிறது. கழித்தல் தெரிந்தால் போதும், அந்தக் கணக்கு உங்களுக்குப் புரிந்துவிடும்.

இட்லித் தட்டில் ஒரு புதிர்

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம். 2023 ஜூலை 31ஆம் தேதி 'வெண்பா' என்ற வீடியோ கேம் வெளிவந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறிய நிறுவனம் அதை உருவாக்கியது. அதில் துப்பாக்கி இல்லை, பந்தயக் கார் இல்லை, எதிரிகளும் இல்லை. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவர் கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை அது. அதில் நீங்கள் செய்யும் முக்கிய வேலை சமைப்பது.

"இட்லி அவிப்பதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? விளையாடத் தொடங்கியதும் அந்த எண்ணம் மாறும். வெண்பாவிடம் அவருடைய அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. ஆனால், அது கிழிந்தும் கறைபட்டும் போயிருப்பதால் சில வரிகளைப் படிக்க முடியாது. விடுபட்டதை நீங்கள்தான் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போய்ச் சேரும்? புட்டுக் குழாயில் எதற்குப் பிறகு எது? ஊகிக்கிறீர்கள், செய்து பார்க்கிறீர்கள், தவறினால் மீண்டும் முயல்கிறீர்கள். சரியாக வந்ததும் உங்களை அறியாமலே ஒரு புன்னகை வருகிறது. இந்த ஆட்டம் முழுவதையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

இந்தச் சிறிய விளையாட்டு 2024ஆம் ஆண்டு, சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவில் முதன்மை விருதையும், பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதையும் வென்றது.

'எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது' என்று நாம் சொல்லும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று இனி பார்ப்போம்.

கிடைத்தது கழித்தல் எதிர்பார்த்தது

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். விடுமுறை நாளில் காரில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறீர்கள். இரண்டு மணி நேரம் நெரிசலில் நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் புறப்பட்டு, ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டால் காரில் உள்ள எல்லாருக்கும் மகிழ்ச்சி. அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைத்துப் புறப்பட்டு, அதே ஒரு மணி நேரம் ஆனால் எல்லாருக்கும் எரிச்சல். கடிகாரம் காட்டிய நேரம் ஒன்றுதான். மாறியது எதிர்பார்ப்பு மட்டுமே.

இதை அறிவியலாளர்கள் ஒரே வரியில் எழுதுகிறார்கள்:

கணிப்புப் பிழை = கிடைத்தது – எதிர்பார்த்தது

இங்கே 'பிழை' என்றால் நீங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டீர்கள் என்று பொருளில்லை. கணித்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாடு, அவ்வளவுதான். கிடைத்தது அதிகமானால் விடை கூட்டல் குறியோடு வரும். அது இனிய வியப்பு. குறைந்தால் கழித்தல் குறி, அது ஏமாற்றம். இரண்டும் சமமானால் பூச்சியம். அப்போது, "சரி, நினைத்தது போலத்தான் இருக்கிறது" என்ற உணர்வோடு நின்றுவிடும்.

குரங்கு, விளக்கு, பழச்சாறு

மூளை உண்மையிலேயே இப்படிக் கழித்துப் பார்க்கிறதா? இதற்கு விடை தந்தவர்களில் முதன்மையானவர் நரம்பியல் அறிவியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். குரங்குகளின் நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்களை அவர் கவனித்தார். மனித மூளையில் சுமார் 86 பில்லியன் நரம்பணுக்கள் உள்ளன. அவற்றில் டோபமினை வெளியிடுபவை ஒரு மில்லியனுக்கும் குறைவு. எண்ணிக்கையில் சிறியவை என்றாலும், கற்றலில் அவற்றின் பங்கு பெரியது.

சோதனை எளிமையானது. ஒரு சமிக்ஞை தோன்றும், எடுத்துக்காட்டாக ஒரு விளக்கு எரியும். சற்று நேரத்தில் குரங்கின் வாயில் ஒரு துளி பழச்சாறு விழும். தொடக்கத்தில், எதிர்பாராமல் சாறு விழுந்ததும் அந்த நரம்பணுக்கள் சட்டென்று துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, அவை விளக்கைக் கண்டதுமே துடித்தன. சாறு விழுந்தபோது பேசாமல் இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அந்த நேரத்தில் அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது.

கூட்டல், பூச்சியம், கழித்தல் ஆகிய மூன்றும் இங்கே அப்படியே இருப்பதைக் கவனித்தீர்களா? ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேக் ஆகிய மூவரும் 1997இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் இதை விளக்கினார்கள்.

விளையாட்டை வைத்தே ஓர் ஆய்வு

குரங்கின் நரம்பணுக்கள் இப்படி வேலை செய்கின்றன, சரி. மனிதரின் மகிழ்ச்சியும் இதே கணக்கில்தான் ஏறி இறங்குகிறதா? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ராப் ரட்லெட்ஜும் குழுவினரும் 2014இல் இதற்கான ஆய்வை வெளியிட்டார்கள். முதலில் 26 பேர் ஆய்வகத்தில் ஒரு பந்தய விளையாட்டை ஆடினார்கள். பிறகு அதே போன்ற விளையாட்டு கைப்பேசிச் செயலியாக வந்தது. 18,420 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஆட்டத்தின் நடுவே, "இந்த நொடியில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?" என்று அவ்வப்போது கேட்கப்பட்டது.

விடை ஆச்சரியமானது. ஒருவர் மொத்தமாக எவ்வளவு வென்றார் என்பது அவருடைய அந்த நேர மகிழ்ச்சியைத் தீர்மானிக்கவில்லை. எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போகிறதா என்பதே அதைத் தீர்மானித்தது. அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. அடுத்த சில சுற்றுகளில் கரைந்துவிட்டது.

"அப்படியானால் எதையும் எதிர்பார்க்காமல் இருந்தால் எப்போதும் மகிழ்ச்சிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: நல்லது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பும் மகிழ்ச்சி தருகிறது. தீபாவளியைவிடத் தீபாவளிக்கு முந்திய நாள்கள் இனிப்பது போல. எதிர்பார்ப்பை அடியோடு குறைத்தால், அந்த முன்மகிழ்ச்சியை இழக்க வேண்டியிருக்கும்.

எதிர்பார்ப்பு எல்லை மீறினாலும் சிக்கல்தான். 2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி விளையாட்டு பெரும் எதிர்பார்ப்புக்கு நடுவே வெளிவந்தது. முன்பு சொல்லப்பட்ட சில அம்சங்கள் அதில் இல்லை என்று விளையாடியவர்கள் கொதித்துப்போனார்கள். உருவாக்கிய நிறுவனம் அடுத்த ஆண்டுகளில் பல புதிய அம்சங்களை இலவசமாகவே சேர்த்துக்கொண்டு வந்தது. "இதில் இனி ஒன்றுமில்லை" என்று விட்டுப்போனவர்கள் பலர் திரும்பி வந்து வியந்தார்கள். எதிர்பார்ப்பு தாழ்ந்திருந்தது, கிடைத்தது உயர்ந்திருந்தது.

ஏன் சலிக்கிறது? ஒரு கணக்கு

எதிர்பாராமல் பிடித்துப்போன விளையாட்டும் சில நாள்களில் சலிக்கிறதே, ஏன்? மூளை ஒவ்வொரு முறையும் தன் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்கிறது. கணிப்புப் பிழையில் பாதியைப் பழைய எதிர்பார்ப்போடு சேர்ப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஒரு விளையாட்டுக்கு 10க்கு 4 தருவீர்கள் என்று நினைத்தீர்கள். அது 8 பெறும் தரத்தில் இருக்கிறது.

முதல் நாள்: 8 – 4 = 4. புதிய எதிர்பார்ப்பு 6.
இரண்டாம் நாள்: 8 – 6 = 2. புதிய எதிர்பார்ப்பு 7.
மூன்றாம் நாள்: 8 – 7 = 1. புதிய எதிர்பார்ப்பு 7.5.
நான்காம் நாள்: 8 – 7.5 = 0.5. புதிய எதிர்பார்ப்பு 7.75.

விளையாட்டு மாறவில்லை, நாள்தோறும் அதே 8தான். ஆனால், வியப்பு 4, 2, 1, 0.5 என்று பாதி பாதியாகத் தேய்கிறது. ஐந்தாம் நாள் ஆட்டம் சற்று மந்தமாகி 7 கிடைத்தால், விடை –0.75. முதல் நாள் நினைத்த 4ஐவிட 7 எவ்வளவோ மேல். ஆனாலும் ஏமாற்றமாகத் தோன்றும்.

வியப்பைப் புதுப்பிக்க இரண்டு வழிகள்

விளையாட்டை உருவாக்குபவர்களுக்கும் இந்தத் தேய்மானம் தெரியும். அதைத் தடுக்க அவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, புதிதாக ஒன்றைக் கற்றுத் தருவது. வெண்பாவில் இட்லியின் சூட்சுமம் பிடிபட்டதும் அடுத்த பதார்த்தம் வேறொரு புதிரோடு வரும். நம் பாட்டிகளின் பல்லாங்குழியும், அதன் உறவான மலாய்க்காரர்களின் சோங்காக்கும் இந்த வகைதான். அவற்றில் பகடை இல்லை. காய்கள் எங்கே போய் முடியும் என்பது உங்கள் கணக்கைப் பொறுத்தது. ஆட ஆட நீங்கள் கெட்டிக்காரர் ஆகிறீர்கள். அதிலிருந்துதான் புதிய வியப்பு பிறக்கிறது.

இரண்டாவது வழி, குலுக்கல். சில விளையாட்டுகளில் பணம் கொடுத்துத் திறக்கும் மர்மப் பெட்டி உண்டு. உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பத்தில் ஒரு முறைதான் அரிய பொருள் விழும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பெட்டியில் என்ன வரும் என்பதை மூளையால் ஒருபோதும் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே வியப்பு பூச்சியம் ஆவதே இல்லை. ஆயிரம் முறை திறந்தாலும் உங்கள் திறமை ஓர் அணுவும் வளராது.

இதன் செலவையும் பாருங்கள். ஒரு பெட்டி 5 வெள்ளி என்றால் பத்துப் பெட்டிக்கு 50 வெள்ளி. "பத்துப் பெட்டி திறந்தால் ஒன்றாவது கிடைத்துவிடும்" என்று நினைப்பது தவறு. ஒரு பெட்டியில் கிடைக்காமல் போகும் நிகழ்தகவு 0.9. அதைப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 0.35 வரும். அதாவது 100 மாணவர்கள் ஆளுக்கு 50 வெள்ளி செலவழித்தால், சுமார் 35 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். சில விளையாட்டுகளில் உள்ள இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் அறிவித்ததில் வியப்பில்லை.

பிடிப்பது வேறு, தேடுவது வேறு

டோபமினை 'இன்ப வேதிப்பொருள்' என்று பலர் எழுதுகிறார்கள். அது முழுக்கச் சரியல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜும் குழுவினரும் எலிகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். டோபமின் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. ஆனால், நாக்கில் இனிப்பு வைத்தபோது சுவைத்து மகிழும் முகபாவம் மாறாமல் இருந்தது. ஒன்று பிடித்திருப்பதும், அது வேண்டும் என்று மனம் அலைவதும் மூளையில் வெவ்வேறு வேலைகள் என்பதை இது காட்டுகிறது.

இதனால்தான், "இந்த விளையாட்டு இப்போது எனக்குப் பிடிக்கவே இல்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். கட்டுப்பாட்டை இழந்து, படிப்பும் உறக்கமும் உறவும் கெட்ட பிறகும் விளையாட்டைத் தொடர்வது ஒரு நோய் நிலை என்று உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. இது எல்லா விளையாட்டாளர்களுக்கும் பொருந்தாது. பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடித்தால்தான் மருத்துவர்கள் அப்படிக் கருதுவார்கள். அப்படி உணர்பவர் உங்கள் அருகில் இருந்தால் திட்டாதீர்கள். பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ பேச அவருக்குத் துணை நில்லுங்கள்.

ஆக, ஒரு விளையாட்டு உங்களை மீண்டும் அழைக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எனக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுத் தந்து வியக்க வைக்கிறதா, குலுக்கிப் போட்டு வியக்க வைக்கிறதா?" முதலாவது என்றால், தாராளமாக ரசித்து விளையாடுங்கள். இரண்டாவது என்றால், பணப்பையை மூடிவைப்பது நல்லது.

செய்து பாருங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்திகள் வரையுங்கள்: எதிர்பார்த்தது, கிடைத்தது, வேறுபாடு. அடுத்த இரண்டு வாரங்களில் பத்து அனுபவங்களைப் பதிவு செய்யுங்கள். வீடியோ கேம் மட்டும் வேண்டாம். நூலகப் புத்தகம், பூப்பந்து ஆட்டம், புதுக் கடையின் ரொட்டி சானாய் என்று எதுவாகவும் இருக்கலாம். தொடங்கும் முன்பே முதல் பத்தியில் 10க்கு ஓர் எண்ணை எழுதிவிட வேண்டும். பிறகு அதை மாற்றக்கூடாது. முடிந்ததும் இரண்டாவது எண்ணை எழுதிக் கழியுங்கள்.

சிந்திக்க

1. வேறுபாடு மிக அதிகமாக வந்தது எதில்? அதை மூன்று முறை செய்த பிறகு அந்த எண் என்ன ஆனது?
2. எத்தனை முறை செய்தும் வியப்பு குறையாத ஒன்று உங்கள் பட்டியலில் உண்டா? அது கற்றலால் வந்ததா, குலுக்கலால் வந்ததா?
3. நிகழ்தகவு 0.1 என்றால், குறைந்தது ஓர் அரிய பொருளாவது கிடைக்கும் வாய்ப்பு 90 விழுக்காட்டைத் தாண்ட எத்தனை பெட்டிகள் திறக்க வேண்டும்? செலவு எத்தனை வெள்ளி? (குறிப்பு: 0.9ஐ எத்தனை முறை பெருக்கினால் 0.1க்குக் கீழே போகிறது என்று பாருங்கள்.)